நாகர்கோவில் சைவ இலைச் சாப்பாடு: தினமும் இதையே நம்பி இருக்கலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடலாம். ருசியில் இந்த இலையைக் குறை சொல்ல இடமில்லை. ஒரே வேளையில் இத்தனை வகைக் காய்கறியை, இத்தனை வகைப் பக்குவத்தில் தரும் மதியச் சாப்பாடு தமிழ்நாட்டில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் மீனையும் இறைச்சியையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்பி இருப்பவருக்கு, கடைகள் இன்று விளம்பும் அளவில் இது போதாது. குறை காயில் இல்லை, பயறில் இருக்கிறது.

மதிப்பிட எடுத்துக்கொண்டது வடசேரி, மீனாட்சிபுரம், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துச் சைவக் கடைகளில் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணிவரை கிடைக்கும் முழுச் சாப்பாடு. பேசவேண்டியது இலையைப் பற்றி, ஒரு தனிக் கடையைப் பற்றி அல்ல. அதனால் கடைப் பெயர்கள் இங்கே வரவில்லை.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனையை வைத்திருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் இது. மீன் வாங்காத நாள் அரிது என்று சொல்லும் வீடுகளே அதிகம். அப்படிப்பட்ட நாஞ்சில் நாட்டு வீடுகளிலும் கல்யாணப் பந்தி என்று வந்தால் சைவம்தான். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) வழி வந்தவர்களின் பதி, தாங்கல் என்னும் வழிபாட்டிடங்களில் தருகிற அன்னமும் கஞ்சியும் சைவம். ஆகவே இங்கே சைவச் சாப்பாடு ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மண் என்பதால் சாம்பாரும் ரசமும் ஒரு பக்கம், கேரளத்து ஓலனும் எரிசேரியும் புளிசேரியும் மறுபக்கம் என இலை இரண்டு சமையலையும் தாங்குகிறது. சைவத்துக்கு மாற நினைப்பவருக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. புதிதாக எதையும் கற்கவேண்டியதில்லை, பந்தியில் இருப்பதைத் தினசரிக்குக் கொண்டுவந்தால் போதும். அந்த ‘கொண்டுவருவதில்’தான் கடைகள் சறுக்குகின்றன.

சோற்றிலிருந்து தொடங்கலாம். சம்பாவா வெள்ளையா என்று கேட்கும் கடையில் சம்பா கேளுங்கள். புழுங்கல் அரிசியில் நெல்லை அவிக்கும்போதே தவிட்டில் உள்ள வைட்டமின் பி1 ஓரளவு அரிசிக்குள் இறங்கிவிடும். மேலே சிவப்பு வரி இருந்தால் தவிடும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். வரியே இல்லாமல் வெளுத்துப்போன பருமன் அரிசியைச் சம்பா என்று சொல்லி விளம்பினால் அதில் பருமன் மட்டும்தான் லாபம். நன்றாக வடித்த சம்பாச்சோறு கையில் ஒட்டாது, ஆனால் பிசைந்தால் மசியும். விதைபோல உருண்டோடினால் வேகவில்லை.

அடுத்து பருப்பு. இந்த இலையின் உயிர் இதுதான். கடைகள் மிகக் குறைவாக மதிப்பதும் இதைத்தான். நாஞ்சில் முறையில் சிறுபயற்றம்பருப்பை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீரில் மஞ்சளோடு வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்து, கெட்டியாக இறக்குவார்கள். சோற்றின்மேல் ஊற்றினால் மேலேயே உட்கார்ந்திருக்கவேண்டும். அதன்மேல் நெய், நொறுக்கிய பப்படம். இலையின் ஓரத்துக்கு ஓடினால் தண்ணீர் அதிகம். பல கடைகளில் வறுப்பதை விட்டுவிடுகிறார்கள். வறுக்காத பருப்பு வெந்ததும் கூழாகி வழவழக்கும், பச்சை வாடையும் நிற்கும். அதை மறைக்கப் பெருங்காயத்தைக் கூட்டுகிறார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அளவு. ஒரு சிறு கரண்டி, சுமார் 50 கிராம், அதோடு சாம்பார் வாளி வந்துவிடுகிறது. முழுச் சாப்பாடு என்றால் பருப்பையும் இரண்டாம் முறை கேட்கலாம். கேட்பவர் குறைவு என்பதால் அந்த வாளி திரும்பி வருவதில்லை. கேளுங்கள்.

அவியலில்தான் ஒரு கடையின் தரம் தெரியும். பத்துப் பேருக்கு, நறுக்கிய காய் ஒரு கிலோவுக்கு, பெரிய தேங்காய் ஒன்று, பச்சைமிளகாய் எட்டு, சீரகம் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, புளித்த கெட்டித்தயிர் 150 மில்லி அல்லது ஒரு மாங்காய், தேங்காய் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கறிவேப்பிலை மூன்று கொத்து. காய்கள் விரல் நீளத்தில், ஒரே பருமனில். சேனை, ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்), சீனியவரை (கொத்தவரை) முதலில், முக்கால் டம்ளர் தண்ணீரோடு. அவை பாதி வெந்ததும் முருங்கைக்காய், கேரட், கத்தரிக்காய். தடியங்காய் (வெண்பூசணி), வெள்ளரி, புடலை கடைசியில், ஏனென்றால் அவை தானாகவே தண்ணீர் விடும். முதலிலேயே போட்டால் குழம்பாகிவிடும்.

புளிப்பை எப்போது சேர்ப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். காய் வேகுமுன் தயிரோ புளியோ சேர்த்தால் காய் மெத்தென்று ஆகாது. புளிப்பு காயின் நாரைத் தளரவிடாது. எனவே காய் முழுக்க வெந்த பிறகே புளிப்பு. தேங்காயைச் சீரகம், மிளகாயோடு ஒன்றிரண்டாக அரைக்கவேண்டும். மையாக அரைத்தால் அது கூட்டு. அரைப்பைப் போட்டு ஆவி வந்ததும் தீயைக் குறைத்து, கடைந்த தயிரைச் சேர்த்து, கொதிக்கவிடாமல் இறக்கி, பச்சை எண்ணெயும் கறிவேப்பிலையும் மேலே போட்டு ஐந்து நிமிடம் மூடிவைக்கவேண்டும். தாளிப்பு கிடையாது. கடுகு தெரிந்தால் அந்தச் சமையலறையில் நாஞ்சில் கை இல்லை. தயிர் கொதித்தால் திரிந்து வெள்ளை மணலாக நிற்கும். இரண்டு மணிக்குமேல் அடுப்பில் சூடாகவே வைத்திருக்கும் அவியல் பெரும்பாலும் இந்த நிலைக்குத்தான் வரும். ஒன்றரைக்குள் உட்காருவது நல்லது.

சேனை நாக்கை அரித்தால் கடையைத் தயங்காமல் குறை சொல்லலாம். அதில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. தோலைத் தடிமனாகச் சீவி, புளித்தண்ணீரில் அலசி, முழுக்க வேகவைத்தால் அரிப்பு அடங்கும். அவசரத்தில் அரைவேக்காட்டில் இறக்கினால் அடங்காது.

மற்ற தொடுகறிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். எரிசேரியில் நல்லமிளகின் காரம் முன்னால் நிற்கவேண்டும், மேலே போடும் தேங்காய்த்துருவல் பொன்னிறத்துக்குமேல் ஒரு படி சிவந்திருக்கவேண்டும். கடைகள் நன்றாகவே செய்கின்றன. சின்ன வெங்காயம் போட்ட உள்ளித்தீயலுக்குத் தேங்காயைக் காப்பிப்பொடி நிறம்வரை வறுத்து, தண்ணீர் விடாமல் எண்ணெய் பிரிய அரைப்பதுதான் சூட்சுமம். ஒரு நிமிடம் கூடினால் கசப்பு, குறைந்தால் சாதாரணப் புளிக்குழம்பு. ரசம் எங்கும் குறையில்லை. புளிசேரி என்னும் மோர்க்குழம்பு சில இடங்களில் அரிசிமாவு கரைத்துக் கெட்டியாக்கப்படுகிறது. ஆறினால் பசைபோல இறுகுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மட்டிப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வாழைப்பழம், இந்த மாவட்டத்தின் பெருமை. இலையில் அதற்குப் பதில் வேறு பழம் வைக்கப்படுவது வருத்தமளிக்கிறது.

ஓலனைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. தடியங்காயும் பெரும்பயறும் (தட்டைப்பயறு) தேங்காய்ப்பாலும் சேர்ந்தது ஓலன். கடையில் தடியங்காய் மிதக்கிறது, பயற்றைத் தேடவேண்டியிருக்கிறது. ஒரு கரண்டியில் ஐந்தாறு மணி. பயறு விலை கூடுதல், ஊறவைக்க எட்டு மணி நேரம் வேண்டும், காய் மலிவு. இந்தக் கணக்கு இலை முழுக்க ஓடுகிறது.

இனி சத்துக் கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் தந்த அளவின்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்குப் புரதம் 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் வேண்டும். இலையில் என்ன இருக்கிறது? 150 கிராம் அரிசியின் சோற்றில் சுமார் 11 கிராம். பருப்பு ஒரு கரண்டியில் காய்ந்த பருப்பு 15 கிராம் இருந்தால் புரதம் மூன்றரை. சாம்பாரில் 10 கிராம் பருப்பு, புரதம் இரண்டு. காய்கறி எல்லாம் சேர்ந்து மூன்று, தேங்காய் ஒன்றரை, நீர்மோரில் ஒன்று. மொத்தம் 22 கிராம். அதில் பாதி சோற்றிலிருந்து வருகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயற்றில் அது நிறைய. இரண்டும் தக்க அளவில் சேர்ந்தால்தான் அரிசியின் குறை தீரும்.

அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நாளைக்குப் பயறு-பருப்பு 85 கிராம், காய்ந்த எடையில், என்கிறது. மீன், முட்டை சாப்பிடுபவர் அதில் ஒரு பகுதியை அவற்றால் ஈடுசெய்யலாம். சைவருக்கு அந்த வழி இல்லை. இலையில் கிடைத்தது 25 கிராம். மிச்சம் 60 கிராமை நீங்களாகத்தான் சேர்க்கவேண்டும். சைவத்தை மனதார ஏற்றுக்கொண்டவர்கள் சில மாதத்தில் சோர்ந்து திரும்புவதற்கு இந்த 60 கிராமும் ஒரு காரணமாக இருக்கலாம். சைவம் தோற்கவில்லை, சோறும் காயும் மட்டும் தின்றதுதான் தோற்றது.

அதைச் சேர்ப்பது இந்த மாவட்டத்தில் மிக எளிது. காலையில் புட்டுக்குச் சீனியும் பழமும் போதும் என்று நினைக்காமல் 30 கிராம் சிறுபயறோ கொண்டைக்கடலையோ அவித்துச் சேர்க்கவும். இரவில் கஞ்சியும் பயறும்: ஒருவருக்கு அரிசி 60 கிராம், சிறுபயறு 30 முதல் 50 கிராம். பயற்றைத் தனியாக வேகவைத்து, தேங்காய், சீரகம், வெள்ளைப்பூண்டு, வத்தல்மிளகாய் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்துத் துவரனாக (பொரியல்) இறக்கவும், பக்கத்தில் சுட்ட பப்படமும் ஒரு துவையலும். இந்த ஒரு வேளையில் 12 முதல் 16 கிராம் புரதம் வரும். பயற்றின் கணக்கில் பார்த்தால் கஞ்சியும் பயறும் விருந்து இலையை வென்றுவிடுகிறது. காலை முதல் மதியம்வரை கஞ்சி விற்கும் சிறு கடைகள் இன்னும் ஆங்காங்கே இருக்கின்றன. அவற்றைத் தேடிப்போய்ச் சாப்பிடலாம்.

பயறு வேகவில்லை, வயிறு உப்புகிறது என்பவை இரண்டு பொதுப் புகார்கள். சிறுபயறு ஊறாமலும் வேகும், ஊறினால் விரைவில் வேகும். பெரும்பயற்றுக்கு எட்டு மணி நேரம், கடலைக்குப் பத்து மணி நேரம் ஊறல் வேண்டும். கடலோர ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது. அதில் உள்ள கால்சியம் பயற்றின் தோலை இறுக்கும், எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கல் நிற்கும். ஊறவும் வேகவும் நல்ல குடிநீரைப் பயன்படுத்தினாலே தீரும். சோடா உப்பு போட்டால் வேகும், ஆனால் பி1 அழியும். உப்பசத்துக்கு ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பதும், முதல் வாரம் 20 கிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுவதும் வழி. ஒரே நாளில் ஒரு கிண்ணம் காணப்பயறு (கொள்ளு) தின்றால் எந்த வயிறும் முரண்டும்.

மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) கவனம் வேண்டும். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், 1880-களில், திருவிதாங்கூரில் பரவலாக ஊக்குவிக்கப்பட்ட கிழங்கு இது. ஏழைகளின் பசியை ஆற்றியது. ஆனால் அதில் புரதம் நூறு கிராமுக்கு ஒரு கிராம்தான். இங்கே மரச்சீனியும் மீன்கறியும் இணைபிரியாதவையாக இருந்ததற்கு ருசி மட்டும் காரணமல்ல, கிழங்கில் இல்லாததை மீன் தந்தது. மீனை எடுத்துவிட்டு, மிளகாய்த் துவையலோடு மரச்சீனி தின்பவர் வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கிறார். அதோடு பெரும்பயறு சேர்த்து மசித்துத் தாளித்தால் ஈடாகும். கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். கிழங்கில் உள்ள சயனைடு சேர்மங்கள் அதோடு போகும்.

சக்கைக் (பலா) காலத்தில் இன்னொரு மயக்கம் வருகிறது. இறைச்சிக்குப் பதில் சக்கை என்று விளம்பரம் செய்கிறார்கள். இடிச்சக்கைத் (பிஞ்சுப் பலா) துவரனின் மெல்லும் பதம் இறைச்சியை நினைவூட்டலாம், புரதம் நூறு கிராமுக்கு இரண்டு கிராம்தான். சக்கைக்கொட்டை பரவாயில்லை, ஆறேழு கிராம். அதுவும் பயற்றுக்கு ஈடாகாது.

வைட்டமின் பி12-ஐப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசவேண்டும். செடிகொடிகளில் அது இல்லை. பால், தயிரில் கொஞ்சம் உண்டு. கடை நீர்மோர் கணக்கில் வராது. நாளைக்கு 300 மில்லி பாலோ கெட்டித்தயிரோ சேர்ப்பவருக்கு ஒரு பகுதி கிடைக்கும். பாலையும் விட்டவர் மாத்திரை எடுத்தே ஆகவேண்டும். சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையில் இருப்பது உடல் பயன்படுத்த முடியாத வகை, அதை நம்பக்கூடாது. கை கால் மரத்துப்போவது, காரணமில்லாத அசதி, நாக்கு வழுவழுப்பாகிச் சிவப்பது எல்லாம் குறையின் அடையாளங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் அளவு பார்ப்பது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தள்ளிப்போடக் கூடாது. இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரைத் துவரனும் பயறும், அதோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ. சாப்பிட்ட கையோடு சாயா குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். கடல்மீனோடு போவது அயோடினும்தான். உப்பளத்துக் கல்லுப்பையே புழங்கும் வீடுகள் அயோடின் சேர்த்த உப்புக்கு மாறவேண்டும்.

தேங்காய் இந்த மண்ணின் செல்வம். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனாலும் அவியல், எரிசேரி, ஓலன், துவரன், தீயல், பிரதமன் (பாயசம்) எல்லாவற்றிலும் தேங்காய், மேலே தேங்காய் எண்ணெய் என்றால், நிறைவுற்ற கொழுப்பு ஒரே வேளையில் நாளின் அளவைத் தாண்டும். விருந்துக்குச் சரி. தினசரிக்குத் தேங்காய் அரைத்த கறி ஒன்று போதும். கூடவே பயறு ஒன்று, தேங்காய் குறைந்த காய் ஒன்று. ஏத்தங்காய் வத்தலும் பப்படமும் ஊறுகாயும் உப்பின் கணக்கை ஏற்றுகின்றன.

கொல்லாமல் உண்ணவேண்டும் என்று ஒருவர் முடிவெடுப்பதற்குச் சத்துக்கணக்கு தேவையில்லை. அது மனதின் உரிமை, உயர்ந்த உரிமை. அந்த முடிவில் அவர் நிலைத்து நிற்கத்தான் இந்தக் கணக்கு. தொடங்குவதற்கு ஏற்ற காலமும் இங்கே உண்டு. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடைக்காலம். இரண்டு கடலையும் உடைய மாவட்டம் என்பதால் மூன்றரை மாதம் மீன் வரத்து குறையும், விலை ஏறும். அதே மாதங்களில்தான் சக்கையும் மாங்காயும் வடசேரி கனகமூலம் சந்தையில் குவியும். வீட்டில் மற்றவர்கள் மீன் கேட்காத அந்த நாட்களில் அடுப்பைச் சைவத்துக்குத் திருப்புவது சிரமமில்லை.

கலப்புக் கடைகளில் சைவச் சாப்பாடு கேட்பவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். பப்படமும் வத்தலும் பொரித்த எண்ணெயில் மீன் பொரிக்கிறார்களா, சாம்பார் வாளியின் கரண்டி மீன்குழம்புக்கும் போகிறதா, பரோட்டா மாவில் முட்டை சேர்கிறதா. கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

பார்சல் வாங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அவியலைச் சுடச்சுடப் பிளாஸ்டிக் உறையில் கட்டினால் ஆவி நீராகி, தேங்காய் ஒருபுறமும் தண்ணீர் மறுபுறமுமாகப் பிரியும். வாட்டிய இலையில் கட்டச் சொல்லலாம், அல்லது எவர்சில்வர் தூக்கு கொண்டுபோகலாம். சித்திரை, வைகாசி வெயிலில் தேங்காய் அரைத்த கறிகளை மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடவேண்டும். ஓலன்தான் முதலில் கெடும், அடுத்து அவியல். தீயலில் தேங்காய் வறுபட்டிருப்பதாலும் புளி இருப்பதாலும் ஒருமுறை கொதிக்கவைத்தால் இரவுச் சோற்றுக்கும் ஆகும். அந்த இரவுச் சோற்றோடு வேகவைத்த பயறு ஒரு கிண்ணம் சேர்த்துக்கொள்ளுங்கள்.